தொட்டி எங்கேயும் போகாது

ஜனவரி 12

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நான், உங்கள் அத்தை, பாப்பா மூவரும் சௌக்கியம். புது ஊர்த் தண்ணீரும் ஹோட்டல் சாப்பாடும் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று அத்தை கேட்கச் சொன்னாள்.

பாப்பாவை உங்களுக்குக் கட்டிக் கொடுத்து ஆறு வருஷத்தில் நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. தகர டப்பா தொழிற்சாலையில் பிரஸ் மெஷின் பக்கத்திலேயே ஆயுளில் பாதியைக் கழித்த காது. போனில் நீங்கள் பேசினால் காகம் கரைவது போலத்தான் எனக்குக் கேட்கிறது. காதில் மாட்டும் மெஷினோ போனைக் கண்டாலே விசில் அடிக்கிறது. எழுத்தைத் தட்டி அனுப்பலாமே என்கிறாள் பாப்பா. என் கட்டைவிரலுக்கு ஒரே சமயத்தில் மூன்று எழுத்து அகப்படுகிறது. அதனால் பேனாவை எடுத்துவிட்டேன்.

விஷயம் மீன். வேலை மாற்றலாகிப் போகும்போது எங்கள் கூடத்து மேஜைமேல் தொட்டியை வைத்துவிட்டு, "ஒண்ணும் பெரிய வேலை இல்ல மாமா. கப்பி மீனுக்கு உசுரு கெட்டி. ஒரு சிட்டிகை தீனி போட்டாப் போதும்" என்று சொன்னீர்கள். அது குட்டி போடும் என்று சொல்லவில்லை.

நேற்றுக் காலை தீனி போடப் போனால் தண்ணீரில் கொசுப்புழு மாதிரி ஏதோ துள்ளுகிறது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கண். மீன் என்றால் முட்டைதான் இடும் என்று இத்தனை வயது வரைக்கும் நினைத்திருந்தேன். அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பெற்றவள் தன் குட்டி ஒன்றை லபக்கென்று வாயில் போட்டுக்கொண்டாள். அத்தைக்கு வந்ததே கோபம். அடுப்படிக்குப் போய் டீ வடிகட்டியைக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள். இருவரும் சேர்ந்து முடிந்தவரை அள்ளி ஒரு கண்ணாடி ஜாடியில் விட்டிருக்கிறோம். இனி என்ன செய்வது, எதைக் கொடுப்பது என்று விவரமாக எழுதவும். வடிகட்டி இனிமேல் மீனுக்குத்தானாம், டீக்குப் புதிது வாங்கிவரச் சொல்லிவிட்டாள்.

பாப்பா வேலைக்குப் போய் வருகிறாள். நீங்கள் வீடு பார்த்ததும் அனுப்பிவைக்கிறோம். படி ஏறாத வீடாகப் பாருங்கள். லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கும் வீட்டில் லிஃப்ட் இருக்காது என்பது தெரிந்ததுதான்.

பதிலை எதிர்பார்க்கும்,
உங்கள் மாமனார்


ஜனவரி 23

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். நான் சுகமாக இருக்கிறேன், சாப்பாடும் பழகிவிட்டது. நீங்களும் அத்தையும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குட்டி போடும் என்று சொல்லாதது என் தவறுதான். கப்பி வைத்திருக்கிறவர்களுக்கு அது மறந்தே போய்விடும். மாதத்துக்கு ஒரு முறை ஏதாவது ஒன்று போட்டுக்கொண்டே இருக்கும். தாய் தன் குட்டியைத் தின்பதைக் கொடுமை என்று நினைக்க வேண்டாமென்று அத்தையிடம் சொல்லுங்கள். அதற்கு அது தன் பிள்ளை என்று தெரியாது. வாய்க்குள் நுழைகிற அளவில் ஏதோ ஓடுகிறது, அவ்வளவுதான். மீன் கடையில் ஜாவா பாசி என்று கேளுங்கள், சிக்குப் பிடித்த பச்சைத் தலைமுடி மாதிரி இருக்கும். அதைத் தொட்டியின் ஒரு மூலையில் அடர்த்தியாகப் போட்டுவிட்டால் குட்டிகள் தாமாகவே அதற்குள் ஒளிந்துகொள்ளும். ஜாடியில் இருப்பவற்றுக்குத் தீனியை விரலால் மாவாக நொறுக்கிப் போடுங்கள். கொஞ்சமாக, அடிக்கடி. மிச்சம் கிடந்தால் தண்ணீர் கெட்டுவிடும்.

வாரம் ஒரு தடவை கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்றினால் போதும். குழாய்த் தண்ணீரில் மருந்து இருக்கும், ஒரு நாள் முழுக்க வாளியில் வைத்திருந்து ஊற்றவும். ஃபில்டரில் இருக்கும் பஞ்சைக் குழாயில் காட்டிக் கழுவவே கூடாது. தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே இரண்டு பிழி பிழிந்து வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள் அதில் குடியிருக்கின்றன. மீனின் கழிவைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றுவது அவைதான்.

இங்கே ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் லிஃப்ட் வேலை நடக்கிறது. சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறையில் தங்கியிருக்கிறேன். வீடு பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் சரியாக அமையவில்லை.

அத்தைக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளை


பிப்ரவரி 9

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. எல்லோரும் நலமாக இருக்கிறோம். எனக்கு மட்டும் அடிவயிற்றில் அவ்வப்போது ஒரு இழுப்பு. வாளி தூக்குவதால் என்கிறாள் அத்தை. வாளியைவிட அவள் பேச்சு கனம்.

நீங்கள் எழுதியபடியே செய்தோம், பாசி போட்டாயிற்று. ஜாடிக் குட்டிகளில் பெரும்பாலானவை பிழைத்துவிட்டன. சிலவற்றின் வாலில் நிறம் எட்டிப் பார்க்கிறது. பெரிய மீன்களுக்குப் பெயர் வைத்துவிட்டேன். ஆரஞ்சு வால்காரன் ஃபோர்மேன். ஒரு வேலையும் செய்யாமல் எல்லா மூலைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருவான். நீல வால்காரன் யூனியன். ஃபோர்மேன் எங்கே போனாலும் குறுக்கே போய் நிற்பான். குட்டி போட்டவளுக்கு அத்தை பெரியம்மா என்று பெயர் வைத்தாள். கோபம் தணிந்துவிட்டது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன். ஆண்களெல்லாம் ஜிகினா உடுத்திக்கொண்டு சுற்றுகின்றன, பெண்கள்தான் இரை தேடி வேலையாக இருக்கின்றன என்று அவளிடம் சொன்னேன். "இதுக்குத் தொட்டி எதுக்கு, நம்ம வீட்டைப் பார்த்தாலே போதுமே" என்றாள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். ரிட்டயர் ஆன பிறகு எனக்கு வீட்டில் இருப்பு கொள்ளவில்லை. நாலு பேர் பேசும் இடத்தில் உட்கார்ந்தால் நான் சுவரில் மாட்டிய படம் மாதிரி. அவர்கள் சிரித்தால் நானும் சிரிப்பேன், எதற்கென்று தெரியாது. இந்தத் தொட்டிக்கு முன்னால் அப்படியில்லை. அங்கே யாருக்குமே சத்தம் கிடையாது, எல்லாமே பார்த்துத் தெரிந்துகொள்வதுதான். அதில் எனக்கு நல்ல பழக்கம். இதை என்னிடம் விட்டுப் போனதற்கு உங்களுக்கு நன்றி. மாமனார் மாப்பிள்ளைக்கு நன்றி சொல்வது உண்டா தெரியவில்லை, சொல்லிவிட்டேன்.

பாப்பா வேலை விட்டு வந்ததும் பையைத் தோளிலிருந்து இறக்காமலே தொட்டி முன்னால் கொஞ்ச நேரம் நிற்கிறாள். தீனி டப்பாவை நீட்டினால், "நீங்களே போடுங்கப்பா" என்கிறாள்.

வீடு அமைந்ததா?

அன்புடன்,
உங்கள் மாமனார்


மார்ச் 30

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். வயிற்று இழுப்பை அலட்சியம் செய்யாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். வாளியைத் தூக்குவதற்குப் பதில் ஒரு ரப்பர் குழாய் வைத்து உறிஞ்சிவிட்டால் தண்ணீர் தானே இறங்கிவிடும்.

பதில் போடத் தாமதமாகிவிட்டது. வேலை நெருக்கடி என்று எழுதலாம், அதுவும் உண்மைதான். நீங்கள் நன்றி சொல்லியிருந்த இடத்தை நிறையத் தடவை படித்தேன். அதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் நாள் போய்விட்டது.

ஆண் குட்டிகள் வளர்ந்ததும் பெண் மீன்களை ஓயவிடாமல் துரத்தும். பெண் மீன்கள் இளைத்துப் போகும். அதனால் ஆண்களில் பாதியை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். ஃபோர்மேனையும் யூனியனையும் கொடுக்க வேண்டாம். அவர்கள் சண்டையைப் பற்றி இன்னும் எழுதுங்கள்.

வீட்டு விஷயம் கொஞ்சம் தள்ளிப் போகிறது.

அத்தைக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளை


ஏப்ரல் 14

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். டாக்டரிடம் காட்டினேன். குடலிறக்கமாம், அவசரமில்லை, சௌகரியப்பட்டபோது ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்றார்.

ஒரு சந்தேகம். ஆண்கள் தொந்தரவு தாங்காமல் ஒரு பெண் மீனை எடுத்துத் தனி ஜாடியில் விட்டேன். கூட ஒரு ஆண்கூடக் கிடையாது. அவள் அங்கே ஒரு ஈடு குட்டி போட்டாள். சரி, முன்பே வயிற்றில் இருந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். இப்போது மறுபடியும் போட்டிருக்கிறாள். இது எப்படி? அத்தையிடம் கேட்டதற்கு, இந்தக் கேள்வியை வெளியில் யாரிடமும் கேட்டு வைக்காதீர்கள் என்கிறாள்.

மாப்பிள்ளை, இன்னொரு விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். நான் மீனைப் பார்ப்பது போலத்தான் கடிதத்தையும் பார்க்கிறேன். நீங்கள் எழுதிய இரண்டு கடிதங்களிலும் அத்தைக்கு வணக்கம் இருக்கிறது. மீனுக்கு மருத்துவமே இருக்கிறது. பாப்பா எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை இல்லை. பாப்பாவும் அப்படித்தான். தபால்காரரிடம் உங்கள் கடிதத்தை வாங்கி மேஜையில் வைப்பாள், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க மாட்டாள். நீங்கள் ஊருக்குப் புறப்பட்ட அன்று வாசல்வரை வந்தது நானும் அத்தையும்தான். அவள் உள்ளே காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

காது கேட்காதவனிடம் ஒன்றை மறைப்பது சுலபம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அவன் எப்போதும் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது அவர்களுக்கு மறந்துவிடுகிறது.

நான் எதையும் கேட்கவில்லை. சொல்வதற்கு ஏதாவது இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் அந்த ஜாடி மீனைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மாமனார்


ஏப்ரல் 27

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். ஆபரேஷனைத் தள்ளிப் போட வேண்டாம்.

ஜாடி மீன் விஷயத்தில் தவறு எதுவும் இல்லை. பெண் கப்பி ஒரு முறை ஆணோடு சேர்ந்தால் போதும், அதைத் தன் உடம்பிலேயே பல மாதம் பத்திரமாக வைத்திருக்கும். அதைக் கொண்டே ஒன்றன் பின் ஒன்றாகப் பல ஈடு குட்டி போடும். ஒரே ஒரு பெண் மீன் மிஞ்சினாலும் ஒரு தொட்டி மறுபடி நிறைந்துவிடும்.

இனி மற்றது. நானும் உங்கள் மகளும் பிரிந்துவிடுவது என்று நான் ஊருக்குக் கிளம்பும் முன்பே முடிவு செய்துவிட்டோம். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. ஒரே வீட்டில் நல்ல பழக்கமுள்ள இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி இருந்தோம். சண்டை போடவும் ஒன்றுமில்லை, பேசவும் ஒன்றுமில்லை. எந்த நேரமும் வேலை வேலை என்று அலைந்தவன் நான். குறை என்று பார்த்தால் என் பக்கம்தான். அவளை எதுவும் சொல்லாதீர்கள். வீடு பார்க்கிறேன் என்று உங்களுக்கு எழுதியதெல்லாம் உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாததால் எழுதியது. நாங்கள் இருவரும் சேர்ந்தே சொல்வதாக இருந்தோம். ஒருவர் ஆரம்பிக்கட்டும் என்று மற்றவர் காத்திருந்துவிட்டோம்.

தொட்டி உங்கள் கூடத்தில் இருப்பது இனி உங்களுக்கோ அத்தைக்கோ உறுத்தலாக இருக்கலாம். எங்கள் கம்பெனியில் என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் உங்கள் ஊரிலேயே இருக்கிறார். அடுத்த மாதம் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

இத்தனை வருஷம் உங்கள் வீட்டில் எனக்குக் கிடைத்ததற்கு நான் என்றும் நன்றியுள்ளவன்.

இப்படிக்கு,


ஜூலை 6

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் உடல்நிலை எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மட்டுமே இதை எழுதுகிறேன். பதில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நான் அனுப்பிய நண்பர் வாசலில் நின்றே திரும்பிவிட்டதாகச் சொன்னார். தொட்டியை எடுக்க வந்திருக்கிறேன் என்றதும் அத்தை, "தொட்டி எங்கேயும் போகாது. உள்ள வந்து தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாராம். அவர் எனக்கு இதைச் சொன்னபோது நான் ஒரு லிஃப்டின் மேல் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அத்தைக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,


ஜூலை 19

நீ சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். அன்புள்ள என்று ஆரம்பிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு இப்படி ஆரம்பிக்கிறேன். உன் கடைசி இரண்டு கடிதங்களையும் அப்பா என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்.

குறை உன் பக்கம்தான் என்று எழுதியிருக்கிறாய். அது நிஜமில்லை. பிரிந்துவிடலாம் என்று கேட்டது நான்தான். நீ சரி என்றாய், அவ்வளவுதான். உன் நல்ல குணத்துக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டு நிற்க வேண்டாம் என்று அம்மாவிடமும் அப்பாவிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினாள். அப்பா என் தலையில் கை வைத்துவிட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றப் போனார்.

அவர் கோபமாக இருப்பதால் பதில் போடவில்லை என்று நினைத்துவிடாதே. எழுத உட்காருகிறார், கிழிக்கிறார். ஆபரேஷன் ஆகஸ்ட் கடைசியில். முடிந்ததும் எப்படி இருக்கிறார் என்று செய்தி அனுப்புகிறேன்.

உன் கடிதம் வரும் நாட்களில் அவர் என்னைத் தேடி வந்து மீன்களைப் பற்றிப் பேசுகிறார். வேறு எதற்கும் அவர் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. அதற்கு நான் உனக்கு நன்றி சொல்ல வேண்டும். நிறுத்தாமல் எழுது.

கையெழுத்துப் போட மறந்தாயா, வேண்டுமென்றே விட்டாயா என்று கேட்க மாட்டேன். நானும் போடவில்லை.


செப்டம்பர் 22

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். தையல் ஆறிவிட்டது. வாளி தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை அத்தை வாளியின் மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறாள். அவளும் பாப்பாவும் நலம். உன் உடம்பு எப்படி?

உன் ஏப்ரல் மாதக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. எழுத உட்கார்ந்தால் 'அன்புள்ள' என்பதுவரை கை ஓடும். அதற்கு மேல் மாப்பிள்ளை என்று எழுதினால் பொய். பெயரைப் போட்டு எழுதினால் கரண்ட் ஆபீசுக்கு எழுதுவது மாதிரி இருந்தது. அங்கேயே நின்றுவிட்டேன்.

நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நீ இங்கே வந்து போன கதையை அத்தை முதலில் மறைத்தாள். வீட்டுக்கு வந்து தொட்டியைப் பார்த்ததும் ஃபோர்மேன் எங்கே, யூனியன் எங்கே என்று கேட்டேன். அழுதுவிட்டாள். அவள் சொன்னபடி எழுதுகிறேன், சரிதானா என்று நீதான் சொல்ல வேண்டும்.

நான் திரும்பி வரும்போது தொட்டி பளபளவென்று இருக்க வேண்டுமென்று அவளுக்கு ஆசை. கல், பாசி, பஞ்சு எல்லாவற்றையும் சோப்புத் தூள் போட்டுக் கழுவி, குழாய்த் தண்ணீரை நிரப்பி மீனை விட்டிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தனவாம். எனக்கு எழுதிக் காட்டப் பயந்து, பாப்பாவிடம் சொல்லப் பயந்து, கடைசியில் உனக்குப் போன் செய்திருக்கிறாள். எந்த முகத்தோடு செய்தோம் என்று தெரியவில்லை என்கிறாள். நீ ஒரு கேள்வியும் கேட்காமல், "பின்பக்கம் டிரம்முல பழைய தண்ணி இருக்கா அத்தை? உசுரோட இருக்கறதை எல்லாம் அதுல விடுங்க. நான் வரேன்" என்று சொன்னாயாம். காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாயாம், ஒரு கேனில் யாரோ மீன் கடைக்காரரிடம் கெஞ்சி வாங்கின பழகிய தண்ணீரும் ஒரு அழுக்குப் பஞ்சுமாக. அந்த அழுக்குப் பஞ்சைப் பார்த்து இவள் முகம் சுளித்ததற்கு, "இதுதான் அத்தை மருந்து" என்றாயாம்.

ஆண்கள் அத்தனையும் போய்விட்டன. டிரம்மில் மிஞ்சினவை பெரியம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும். கடையில் ஆண்களை வாங்கி விட்டுவிடலாமா, அவருக்குத் தெரியவா போகிறது என்று இவள் கேட்டிருக்கிறாள். "வேணாம் அத்தை. அவருக்குத் தெரியும். இந்த மூணே போதும்" என்று சொல்லிவிட்டாயாம். அதற்காக உனக்கு இன்னொரு தடவை நன்றி.

நடுவில் பாப்பா ஃபிளாஸ்க் எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாளாம். நீ முழங்கைவரை தொட்டிக்குள் விட்டுக்கொண்டு நின்றாயாம். "சாப்பிட்டியா?" என்று கேட்டாள், "ஆச்சு" என்றாய். பிறகு அவள் கேனைப் பிடித்துக்கொண்டாள், நீ ஊற்றினாய். இவ்வளவுதான் பேச்சு என்கிறாள் அத்தை. இதை என்னிடம் நாலைந்து முறை சொல்லிவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்கு ஏன் வரவில்லை என்று கேட்க மாட்டேன். நான் அங்கே இருந்த கோலத்தில் யார் வந்திருந்தாலும் போர்வையை இழுத்து மூடியிருப்பேன்.

தம்பி, மாப்பிள்ளை என்றால் அதற்கென்று ஒரு மரியாதை. நீ உள்ளே வந்தால் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டும். வாங்க, உட்காருங்க என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. ஆறு வருஷம் உன்னைக் கண்ணாடி பீரோவில் வைத்துப் பார்த்த மாதிரி. அந்த உறவு காகிதத்தில் முடியப் போகிறது. எனக்கு வருத்தம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உன்னை 'நீ' என்று சொல்ல இனி எனக்குத் தடை இல்லை. தம்பி என்று எழுதிப் பார்த்தேன், கை நிற்காமல் ஓடிவிட்டது. என்னை என்னவென்று கூப்பிடுவது என்று நீயும் குழம்ப வேண்டாம். பால் போடுகிறவர், தபால்காரர், எதிர்வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் நான் மாமாதான். அவர்கள் யாருக்கும் நான் பெண் கொடுக்கவில்லை.

பெரியம்மா நேற்றுக் குட்டி போட்டாள். பாசிக்குள் போன குட்டிகளை எண்ணவே முடியவில்லை. நானும் அத்தையும் பாப்பாவும் நின்று பார்த்தோம். பாப்பா தீனியை நொறுக்கிப் போட்டாள்.

அன்புடன்,
மாமா


அக்டோபர் 8

அன்புள்ள மாமா,

நான் நலம். நீங்கள் தேறிவிட்டீர்கள் என்று படித்ததும்தான் நிம்மதி. வாளியின் மேல் ஒட்டியிருப்பதை மீற வேண்டாம்.

அத்தை சொன்ன கதையில் ஒன்று மட்டும் விட்டுப்போயிருக்கிறது. நான் வாசல்படி ஏறியதும் அவர் முதலில் சொன்னது, "கொன்னுட்டேன்பா" என்பது. ஒரு தொட்டி மீனுக்காக ஒருவர் அப்படி நடுங்கி நான் பார்த்ததில்லை. அது மீனுக்காக மட்டும் இல்லை என்று பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் எனக்குப் புரிந்தது. நீங்கள் எதை ஆசையாகப் பார்க்கிறீர்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

'நீ' என்று எழுதியிருந்தீர்கள். நான் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அறையை மாற்றிவிட்டேன். ஒரு வீட்டின் மாடி, ஜன்னல் பெரியது. ஜன்னலுக்குக் கீழே சின்னதாக ஒரு தொட்டி வாங்கி வைத்திருக்கிறேன். ஃபில்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, பாசியும் போட்டாயிற்று. மீன் மட்டும் கடையில் வாங்க மனம் வரவில்லை. குட்டிகள் கொஞ்சம் வளர்ந்ததும், உங்களுக்குப் பயணம் செய்ய முடியும் என்று டாக்டர் சொன்னதும், நீங்களே கொண்டுவந்து தருவீர்களா?

அன்புடன்,
தம்பி


நவம்பர் 25

அன்புள்ள அத்தைக்கு,

நான் சுகம். நீங்கள் சுகம்தானே. மாமா பத்திரமாக வந்து சேர்ந்திருப்பார், பஸ் ஏற்றிவிட்டு நடத்துநரிடமும் சொல்லி அனுப்பினேன். அவர் வந்து போன விவரத்தை எழுதச் சொன்னீர்களாம். அவர் சொல்வதை நம்ப முடியாது என்றும் சொன்னீர்களாம்.

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது மடியில் வைத்திருந்த சாப்பாட்டுப் பையை யாரிடமும் கொடுக்கவில்லை. என்னைப் பார்த்ததும் முதலில் பையைத் திறந்து மீன் இருந்த பிளாஸ்டிக் உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. அதற்குப் பிறகுதான் எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். அறைக்கு வந்து உறையை அப்படியே தொட்டியில் மிதக்கவிட்டோம். தண்ணீரின் சூடும் உறையின் சூடும் ஒன்றாகும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். மீன்கள் வெளியே வந்ததும் நேராகப் பாசிக்குள் போய்விட்டன. "கூச்சமா இருக்கும், புது வீடு" என்றார். ஆரஞ்சு வால் ஒன்று மட்டும் தனியாகப் புறப்பட்டு எல்லா மூலைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. அதைக் காட்டிச் சிரித்தார். சாயங்காலம்வரை நாற்காலியை அங்கேயே போட்டுக்கொண்டார்.

நான் சமைத்ததை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். உப்பு கூடிவிட்டது, எனக்கே தெரிந்தது. அவர் சொல்லவில்லை. மாத்திரையை வேளைக்குப் போட்டுக்கொண்டார். பேச்சு குறைவுதான். பாப்பாவுக்குப் புது வேலை கிடைத்ததையும், நீங்களும் அவளும் சேர்ந்து கூடத்துக்கு வெள்ளை அடித்ததையும் சொன்னார். கேட்டு எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அவளிடமும் சொல்லுங்கள்.

அத்தை, அன்று நீங்கள் போன் செய்ததற்கு நான்தான் நன்றி சொல்ல வேண்டும். நீங்கள் அன்று கூப்பிடாமல் இருந்திருந்தால் உங்கள் வாசல்படியை மறுபடி மிதிக்க எனக்குத் தைரியம் வந்திருக்காது.

ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். அவர் கிளம்புகிற அன்று காலை கீழ்வீட்டு அம்மாள் துணி காயப்போட மாடிக்கு வந்தார். தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துவிட்டு, "உங்க அப்பாவா தம்பி?" என்று என்னைக் கேட்டார். நான் என்ன சொல்வது என்று வாயைத் திறப்பதற்குள் மாமா, "ஆமாம்மா" என்றார். காது மெஷினைக் கழற்றி ஜன்னலில் வைத்திருந்தார். அந்த அம்மாளின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு சொன்னாரா, இல்லை புரியாத கேள்விக்கு எப்போதும் சொல்கிற ஆமாம்மாவா என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லிவிட்டு மீன் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் கேட்கவில்லை.

இன்று வேலைக்குக் கிளம்பும்போது அந்த அம்மாள் என்னை நிறுத்தி, "அப்பா நல்லபடியா ஊர் போய்ச் சேர்ந்தாரா?" என்று கேட்டார்.

"சேர்ந்துட்டார்மா" என்று சொன்னேன்.

உங்கள் அன்புக்கு என்றும் கடன்பட்ட,
தம்பி